வெளிர் மஞ்சளில் நாற்பத்து மூன்று பேர்

அச்சகத்துக்காரர் போனில் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான். ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில் கிராஃபம்மாவுக்கு அந்தச் சனிக்கிழமை மொத்தமும் கெட்டுப்போனது.

"மேடம், உங்க படம் ஒவ்வொண்ணையும் சுத்தி ஒரு அழுக்குக் கட்டம், டப்பா மாதிரி தெரியுது. பேப்பர் பளிச்சுனு வெள்ளையா இருக்கு, படம் மட்டும் யாரோ கை துடைச்ச மாதிரி இருக்கு. இப்படியே அடிக்கவா, மாத்தித் தர்றீங்களா?"

"அழுக்கா? என் படத்துலயா?"

"நான் சொல்லல மேடம். மெஷின் சொல்லுது."

அந்தப் பெரிய மருத்துவமனையில் அவளுக்குப் பதிவேட்டுப் பிரிவில் வேலை. வந்த நோயாளிகள், போன நோயாளிகள், தேறியவர்கள், தேறாதவர்கள் எல்லோரும் அவள் மேசைக்கு எண்ணாக வந்து சேர்வார்கள். கோடாகவும் புள்ளியாகவும் வெளியே போவார்கள். அதனால் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவள் கிராஃபம்மா. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. தன் படங்களைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எழுத்து நெருக்கியடித்திருக்காது, கோடு பிசிறடிக்காது. அதைப் போய் ஒருவர் கை துடைத்த துணி என்று சொன்னால் சுருக்கென்று தைக்காதா?

அச்சுக்குப் போயிருந்தது இருபத்தெட்டுப் பக்க அறிக்கை. முட்டி வகுப்பைப் பற்றியது. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஒரு நீள ஹால் இருக்கிறது. முட்டி மடங்காதவர்கள், அறுவை முடிந்து கால் விறைத்துப் போனவர்கள் அங்கே பன்னிரண்டு வாரம் வந்து பயிற்சி செய்யவேண்டும். நடத்துபவர் ஒரு நெட்டையான அம்மாள். அவர் குரல் கொடுத்தால் மேல்மாடியில் படுத்திருப்பவர்கள்கூடக் காலை மடக்குவார்கள் என்று கேலி செய்வார்கள். எல்லோருக்கும் அவர் வாத்தியாரம்மா. மருத்துவமனைக்கு ஒரு புது ஸ்கேன் இயந்திரம் வருகிறது. அதை வைக்க இடம் இல்லை. தலைமை மருத்துவரின் கண் இந்த ஹால் மேல் விழுந்தது. அவர் கெட்டவர் இல்லை, இடம் இல்லாதவர். "எண் என்ன சொல்லுதோ அதுபடி செய்வோம்" என்று கிராஃபம்மாவிடம் பொறுப்பை விட்டிருந்தார்.

எண் வாத்தியாரம்மாவுக்கு நல்லது சொல்லவில்லை. பன்னிரண்டு வாரமும் விடாமல் வந்த அறுபத்தொன்பது பேருடைய முட்டி, சராசரியாக ஒன்பது டிகிரிதான் கூடுதலாக மடங்கியது. மூன்று மாத உழைப்புக்கு ஒன்பது டிகிரி. செவ்வாய்க்கிழமை குழு கூடும், அறிக்கையைப் புரட்டும், ஹால் போய்விடும். வாத்தியாரம்மா வார்டு வார்டாகப் போய்ப் படுத்திருப்பவர்களைக் கையைப் பிடித்து நடக்கவைக்கும் வேலைக்கு மாற்றப்படுவார். இது எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது.

ஏழு வருடமாகப் பதினொரு மணி டீயை இருவரும் சேர்ந்துதான் குடித்தார்கள். அறிக்கையின் முதல் பிரதி வெளியே வந்த நாளிலிருந்து வாத்தியாரம்மா தன் கோப்பையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். "அக்கா" என்று இவள் கூப்பிட்டால் காது கேட்காதது போல டீயை ஆற்றுவார். கிராஃபம்மாவுக்கு அது தாங்கவில்லை. நான் என்ன பொய்யா எழுதினேன், உள்ளதைத்தானே எழுதினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்தத் தனி டீ பாதிக் கோப்பையிலேயே ஆறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வீட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் அவளுக்கு எந்த அழுக்கும் தெரியவில்லை. படம் வெள்ளையாகத்தான் இருந்தது.

கணவர் துணி காயப்போட்டுவிட்டு ஈரக் கையோடு வந்து எட்டிப்பார்த்தார். அவருக்குப் பெயிண்ட் கடையில் ஷேடு கலக்கும் வேலை. வாடிக்கையாளர் ஒரு பழைய சட்டைத் துணியைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்றால், டப்பாவைத் திறந்து எத்தனை சொட்டு எதில் விடவேண்டும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். கடையில் அவரை ஷேடுக்காரர் என்பார்கள். வீட்டில் அதனால் உபத்திரவம்தான். துவைத்த வேட்டியைக்கூட "இது போன வாரத்து வெள்ளை இல்லையே" என்பார்.

"இது வெள்ளை இல்லம்மா" என்றார்.

"ஆரம்பிச்சுட்டீங்களா?"

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் திரையை ஒட்டிப் பிடித்தார். "இப்பப் பாரு. ஒரு பெரிய வாளி வெள்ளையில மூணு சொட்டு மஞ்சள், அரைச் சொட்டு பழுப்பு. யாரோ கலந்திருக்காங்க. தானா வராது இது."

அவள் பார்த்தாள். தாள் பக்கத்தில் வந்ததும் படம் பழைய தலையணை உறை மாதிரி மங்கிப்போனது. யாரோ கலந்திருக்கிறார்கள் என்றதும் அவளுக்கு முகம் சுண்டியது. அந்த யாரோ அவளேதான். மூன்று வருடத்துக்கு முன் தலைவலி வந்து பாடாய்ப் படுத்தியபோது, வெள்ளைத் திரை கண்ணைக் குத்துகிறது என்று பின்னணிக்கு ஒரு வெளிர் மஞ்சளைக் கொடுத்திருந்தாள். படம் வரையும் மென்பொருளுக்கு அவள் எழுதிவைத்த கட்டளைகளில் முதல் பத்து வரிக்குள் அது உட்கார்ந்திருந்தது. "வெளிர்" என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தாள். தலைவலி போய்விட்டது, நிறம் போகவில்லை. கண் பழகிப்போய் அதையே வெள்ளை என்று நம்பிவிட்டது.

"சரி, அஞ்சு நிமிஷ வேலை" என்றாள்.

இந்த அஞ்சு நிமிஷ வேலைகள்தான் மனிதனின் ஆயுளைத் தின்கின்றன. முதலில் பின்னணியை வெள்ளையாக்கினாள். கட்டத்துக்குள் மட்டும் வெளுத்தது. எழுத்தும் எண்ணும் இருக்கும் ஓரம் அப்படியே மஞ்சளாக நின்றது.

"ஜன்னலுக்குச் சட்டம் அடிச்சிருக்க. நல்லாத்தான் இருக்கு" என்றார் ஷேடுக்காரர்.

"போய் வேலையைப் பாருங்க."

அவர் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கட்டத்துக்கு ஒரு பின்னணி, முழுத் தாளுக்கு இன்னொரு பின்னணி என்று மென்பொருளில் இரண்டு இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. இரண்டையும் வெள்ளையாக்கினாள். திரையில் எல்லாம் சுத்தம். நிம்மதிப் பெருமூச்சோடு படத்தைக் கோப்பாகச் சேமித்துத் திறந்தாள். ஓரம் மறுபடியும் மஞ்சள்.

"திரையில ஒண்ணு, வெளிய போனா ஒண்ணா? உன் பெரியப்பா மாதிரில்ல இருக்கு" என்றார் அவர்.

சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. படத்தை வெளியே அனுப்பும் கட்டளைக்கென்று தனியாக மூன்றாவது பின்னணி ஒன்று உண்டு. அதையும் அவளே ஒரு காலத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று, வெளிராகவே பூட்டி வைத்திருக்கிறாள். தன் வீட்டுக்குத் தானே மூன்று பூட்டுப் போட்டுவிட்டு வெளியே நிற்கிற கதைதான். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு நிறமும் வேண்டாம் போ என்று, மூன்று இடத்திலும் பின்னணியையே எடுத்துவிட்டு, கண்ணாடி மாதிரி ஒளிபுகும்படி வைத்துச் சேமித்தாள். வெள்ளைத் தாளில் அச்சடித்தால் தாளின் வெள்ளையே தெரியட்டும், அந்த அச்சகத்துக்காரர் வாயும் அடங்கட்டும் என்று நினைத்தாள்.

கோப்பைத் திறந்தாள். திரை கருப்பாக இருந்தது.

படம் பார்க்கும் செயலிக்குத் தன் தளம் கருப்பு. ஒளிபுகும் படத்தை அதன் மேல் வைத்தால் கருப்புத்தான் தெரியும். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்த விஷயமே. கருப்பில் எழுதிய எழுத்து, கருப்பில் போட்ட கட்டத்தின் ஓரக் கோடு, கருநீலத்தில் அவள் அத்தனை அழகாக வரைந்த சராசரிக் கோடு எல்லாம் அதில் மூழ்கிப்போயிருந்தன. அவள் சொல்ல வந்தது ஒன்றுகூடத் திரையில் இல்லை. அவற்றுக்குப் பதிலாக, கருப்பின் மேல், கொத்தாகப் புள்ளிகள் மின்னின.

"இது என்னது?" என்று ஷேடுக்காரர் முன்னால் குனிந்தார். "சீலிங் அடிக்கும்போது தரையில சொட்டுன மாதிரி?"

அந்தப் புள்ளிகள் என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று வருடமாகப் பார்க்கவில்லை.

வகுப்பில் சேர்ந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். அறுபத்தொன்பது பேர் முடித்தார்கள். மிச்சம் நாற்பத்து மூன்று பேர் மூன்றாம் வாரம், நான்காம் வாரம் என்று பாதியில் வராமல் நின்றுவிட்டவர்கள். மூன்று வருடத்துக்கு முன் முதன்முதலில் இந்தப் படத்தைக் காட்டியபோது தலைமை மருத்துவர், "பாதியில ஓடுனவங்களை எதுக்கு நடுவுல வச்சிருக்கீங்க, கண்ணை உறுத்துது, கொஞ்சம் மங்கலாப் போடுங்க" என்றார். அழித்துவிட அவளுக்கு மனசு வரவில்லை. அது நேர்மை இல்லை. அதனால் கைவசம் இருந்த நிறங்களிலேயே மங்கலான நிறத்தைக் கொடுத்தாள். அதன் பெயர்தான் வெளிர். கொஞ்ச நாள் கழித்துத் தலைவலி வந்தபோது பின்னணிக்கும் அதே பெயரைத் தூக்கிப் போட்டாள். மஞ்சளின் மேல் மஞ்சள். அன்றிலிருந்து பாதியில் நின்ற ஒவ்வொருவரும், நாற்பத்து மூன்று பேரும், படத்தில் இருந்துகொண்டே காணாமல் போனார்கள்.

"பின்னாடி அடிச்சதும் மேல வச்சதும் ஒரே டப்பாவா?" என்று அவர் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு அதுதான் ஆச்சரியம். "எங்க கடையில புதுசா வந்தவங்ககூட அப்படிச் செய்யமாட்டாங்களே."

"தெரியாமத்தான் செஞ்சேன். குத்திக் காட்டாதீங்க."

"சரி, இந்தப் படத்துல மேல இருந்தா நல்லதா, கெட்டதா?"

"நல்லது. முட்டி நல்லா மடங்குதுன்னு அர்த்தம்."

"இடது பக்கம்?"

"ஆரம்ப வாரங்கள்."

அவர் விரலை நீட்டித் திரையில் தொடாமல் காட்டினார். புள்ளிகளில் முக்கால்வாசிக்கு மேல் இடது பக்கம், மேலே, ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. "அப்ப இவங்கள்லாம் சீக்கிரமாவே நல்லாயிட்டவங்களா?"

கிராஃபம்மா எண்களைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். நாற்பத்து மூன்று பேரில் முப்பத்து நான்கு பேருக்குக் கடைசியாக அளந்தபோது முட்டி நூற்றுப் பதினைந்து டிகிரிக்கு மேல், தாராளமாகப் படியேறும் அளவுக்கு, மடங்கியிருக்கிறது. மூன்று மாதம் முழுக்க வந்தவர்கள் பெரும்பாலும் மெதுவாகத் தேறியவர்கள். சீக்கிரம் தேறியவர்கள் அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள். இவள் தங்கியவர்களை மட்டும் கூட்டி வகுத்து, ஒன்பது டிகிரி என்று எழுதி, வாத்தியாரம்மாவின் ஹாலுக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அதோடு விட்டாளா? பதினான்காம் பக்கத்தில் தன் கையால் ஒரு வாக்கியமும் எழுதியிருந்தாள்: பலன் காணாதவர்கள் இடையில் நின்றுவிட்டனர். யாரிடம் கேட்டு எழுதினாள்? யாரிடமும் கேட்கவில்லை. எழுதும்போது அது அவ்வளவு நியாயமாகப் பட்டது. இப்போது படிக்க வெட்கமாக இருந்தது.

"நல்லாயிட்டுத்தான் போனாங்கன்னு நிச்சயமாச் சொல்லமுடியாதுங்க" என்றாள் மெல்ல. "கடைசியா அளந்தப்ப நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் இரண்டாவது வாளித் துணியைக் காயப்போட எழுந்து போனார்.

நின்றுபோனவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பது விதிப்படி பதிவேட்டுப் பிரிவின் வேலைதான். மூன்று வருடமாக ஒருவரும் அதைச் செய்யவில்லை, அவ்வளவே. திங்கள் காலை எட்டரைக்கெல்லாம் கிராஃபம்மா போனும் பட்டியலுமாக உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் எடுத்தவர் ஒரு பெண். "முட்டியா? ஏணி மேல நிக்கறேன், ட்யூப்லைட் மாட்டிக்கிட்டிருக்கேன். அப்புறம் பேசறீங்களா?" என்றார். கிராஃபம்மாவுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. இன்னொரு பெண், வேலைக்குத் திரும்பிவிட்டதாகவும் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பதாகவும், முட்டியை விட முதலாளிதான் வலிக்கிறார் என்றும் சொன்னார். நான்காவதாக எடுத்தவர் ஒரு தபால்காரர். அவர் திடீரென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த டீச்சரம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இல்லைங்க. ஏன்?"

"மூணாவது வாரமே நல்லாயிடுச்சு மேடம். சைக்கிள் மிதிக்கறேன். ஆனா பன்னெண்டு வாரம் வருவேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வராம நின்னுட்டேனா, பார்த்தாத் திட்டுவாங்களோன்னு பயம். உங்க ஆஸ்பத்திரித் தெருவுக்குத் தபால் வந்தா வேற ஆள்கிட்ட மாத்தி விட்டுடறேன்."

எல்லாமே தேனாக இனிக்கவில்லை. ஒருவர், "ஒரு பிரயோஜனமும் இல்ல, நேரம்தான் வீண்" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டாள். மாலைக்குள் நாற்பத்து மூன்று எண்ணையும் அழுத்தியாயிற்று. எடுத்தவர்கள் இருபத்தாறு பேர். நன்றாகிவிட்டது, அதனால்தான் வரவில்லை என்றவர்கள் இருபத்தொருவர். ஊர் மாறியது, வேலை மாறியது என்று மூன்று பேர். வையத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். பதினேழு பேர் கிடைக்கவில்லை.

நாற்பத்து நான்காவதாக அவள் அழைத்தது வாத்தியாரம்மாவை. மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். மறுபடியும் ஓய்ந்தது. ஹாலுக்கே ஓடிப்போய்ப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. "அவங்க இன்னைக்கு லீவு. சாமானையெல்லாம் சனிக்கிழமையே பையில போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று பெருக்குகிற அம்மாள் சொன்னார். கிராஃபம்மாவுக்கு அழுகை முட்டியது. இந்த மனுஷிக்கு இவ்வளவு கோபம் கூடாது என்று வைதாள்; பிறகு, நமக்கு வந்தால் இதைவிட அதிகம் வரும் என்று சமாதானமும் ஆனாள்.

பதினான்காம் பக்கத்தைத் திருத்தினாள். பின்னணி மூன்றையும் சுத்த வெள்ளையாக்கினாள். நாற்பத்து மூன்று பேருக்கும் நல்ல அடர்த்தியான செங்கல் நிறம் கொடுத்து அனுப்பினாள். அரை மணியில் அச்சகத்துக்காரர் கூப்பிட்டார்.

"டப்பா போயிடுச்சு மேடம், படம் ஜம்முனு இருக்கு. ஆனா ஒரு பக்கத்துல மட்டும் செங்கல் கலர்ல என்னமோ தெறிச்சிருக்கு. துடைச்சுடவா?"

"ஐயோ, துடைக்காதீங்க! அதுதாங்க படமே!"

செவ்வாய் காலை பத்து மணிக்குக் குழு கூடியது. நீள மேசை, ஆறு நாற்காலி, சுவரில் பெரிய திரை. வாத்தியாரம்மா எல்லோருக்கும் கடைசியாக வந்து, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் பையோடு உட்கார்ந்தார். சீக்கிரம் சொல்லுங்கள், நான் போகவேண்டும் என்பது போல இருந்தது அந்த உட்காரல். கிராஃபம்மா பக்கம் திரும்பவே இல்லை.

கிராஃபம்மா எழுந்தாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு கூட்டத்திலும் "நான் தப்பு செய்தேன்" என்று ஆரம்பித்ததில்லை.

"சார், போன பிரதியில பதினாலாம் பக்கத்துல, பலன் இல்லாதவங்க நின்னுட்டாங்கன்னு எழுதியிருந்தேன். அது தப்பு. யாரையும் கேக்காம எழுதுனேன். இப்ப கேட்டுட்டு வந்திருக்கேன்."

படத்தைத் திரையில் போட்டாள். கருநீலக் கோடு கீழே சோம்பலாகப் போனது. மேலே இடது பக்கத்தில் செங்கல் நிறப் புள்ளிகள் திரண்டு நின்றன. யார் இவர்கள், எத்தனை பேர் எடுத்தார்கள், என்ன சொன்னார்கள், வைதவர்கள் எத்தனை, கிடைக்காதவர்கள் எத்தனை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். எல்லோரையும் சேர்த்துக் கூட்டினால் ஒன்பது என்பது பதினாறு ஆகிறது என்றும் சொன்னாள்.

தலைமை மருத்துவரின் நெற்றி சுருங்கியது. "மூணு வருஷமா எங்கம்மா இருந்தாங்க இவங்கள்லாம்?"

"படத்துலதான் சார் இருந்தாங்க. பின்னணிக்கும் இவங்களுக்கும் ஒரே நிறத்தைக் குடுத்துட்டேன். எனக்கே தெரியல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மங்கலாப் போடச் சொன்னது நான்தானே?"

"நீங்க மங்கலாத்தான் போடச் சொன்னீங்க சார். நான் மறைச்சே வச்சுட்டேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வாத்தியாரம்மா எழுந்திருந்தார். மடியிலிருந்த பை நழுவி விழுந்ததைக்கூடக் கவனிக்காமல், திரைக்கு முன்னால் போய் நின்றார். ஒவ்வொரு முட்டியையும் தன் கையால் அளந்து எழுதியவர் அவர்தான். விரலை ஒரு புள்ளியின் மேல் வைத்தார்.

"மூணாவது வாரம். நூத்திப் பதினெட்டு. இது தபால்காரர்" என்றார். விரல் அடுத்ததற்கு நகர்ந்தது. "இது நாலாவது வாரம், நூத்திருபத்திரண்டு. அந்த ஒல்லியான பொண்ணு, தையல் வேலை. இது பஸ் ஓட்டுறவர்... இது அந்த அக்கா தங்கச்சி ரெண்டு பேரும், ஒரே நாள்ல நின்னாங்க."

அவர் திரும்பினார். மேல்மாடி வரை கேட்கும் அந்தக் குரல் இப்போது பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒவ்வொருத்தரும் நின்னப்ப, நான் அழுத்தி மடக்கிட்டேனோ, வலிக்க வச்சுட்டேனோ, கடுசாப் பேசிட்டேனோன்னு வீட்டுக்குப் போய் அழுதிருக்கேன் டாக்டர். நம்மள வேண்டாம்னு போயிட்டாங்கன்னுதான் நெனச்சேன். நல்லாயிட்டுப் போயிருக்காங்களா?"

கிராஃபம்மா சொன்னாள்: "ஆமாக்கா. நல்லாயிட்டுத்தான்."

தலைமை மருத்துவர் இடம் இல்லாதவரின் வருத்தம் குரலில் தெரிய, ஹாலைத் தொடுவதில்லை என்றார். ஸ்கேன் இயந்திரத்துக்கு மாடியில் பழைய கட்டில்கள் அடைந்து கிடக்கும் அறையைக் காலி செய்யலாம், கட்டில்களை எங்கே போடுவது என்று அப்புறம் மண்டையை உடைத்துக்கொள்ளலாம் என்றார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். முட்டி நன்றாகிவிட்டால் பன்னிரண்டு வாரம் என்று பிடித்துவைக்காமல், நீ நல்லாயிட்டே, போய் வா என்று கையில் ஒரு சீட்டுக் கொடுத்து வாத்தியாரம்மாவே அனுப்பிவைக்க வேண்டும். "சொல்லாம ஓடுற நிலைமையை நாமதானே உண்டாக்கி வச்சிருக்கோம்" என்றார். இதை அவர் சொன்னதுதான் கிராஃபம்மாவுக்கு அன்று பெரிய ஆச்சரியம்.

வராந்தாவுக்கு வந்ததும் வாத்தியாரம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பதினொரு நாளுக்குப் பிறகு நேருக்கு நேர் பார்க்கிறார்.

"உன்னை நல்லாத் திட்டணும்னு இருந்தேன்."

"திட்டுங்கக்கா."

"அப்புறம் திட்டறேன். மொதல்ல அந்தக் கிடைக்காத பதினேழு பேர் நம்பரைக் குடு."

பட்டியலை வாங்கி விரலால் கீழே கீழே போனார். ஒரு பெயரில் நின்றது விரல். படத்தில் எல்லாவற்றுக்கும் கீழே, தனியாக இருந்த புள்ளி. இரண்டாவது வாரம், எண்பத்திரண்டு டிகிரி. மேலே திரண்டிருந்த கூட்டத்தில் சேராதவர்.

"இவங்கதான் எனக்கு ரொம்ப உறுத்தல்" என்றார். "காலைத் தூக்கி வைக்கவே பயப்படுவாங்க. ரெண்டே வாரம்தான் வந்தாங்க. ஒண்ணுமே செய்யாம அனுப்பிட்டேன்."

"நேத்து நாலு தடவை அடிச்சேன்க்கா. எடுக்கல. இவங்களை விட்டுட்டு வேற யாரையாவது..." கிராஃபம்மாவுக்குப் பயமாக இருந்தது. நல்ல செய்தி வந்த வேளையில் இது எதற்கு?

வாத்தியாரம்மா அதற்குள் அழுத்திவிட்டார். ஐந்தாவது முறை மணி அடித்ததும் ஓர் ஆண்குரல் எடுத்தது. அந்தப் பெண்ணின் கணவர். யார் பேசுவது என்று சொன்னதும், "அட, டீச்சரா!" என்றார்.

"அவங்க எப்படி இருக்காங்க? ஏன் வரவே இல்ல?" வாத்தியாரம்மா கேட்டார்.

"உங்க எடத்துக்கு ரெண்டு பஸ் மாறணும் டீச்சர், அவளுக்கு முடியல. ஆனா நீங்க சொல்லிக் குடுத்ததை எழுதிச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கா. தெனம் காலையில செய்யாம டீ குடிக்கமாட்டா. எங்களையும் குடிக்க விடமாட்டா."

"இப்ப இருக்காங்களா, பேசலாமா?"

"மொட்டை மாடிக்குப் போயிருக்கா. செடிக்குத் தண்ணி ஊத்த."

வாத்தியாரம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். "மாடிக்கா? எத்தனை படி?"

"முப்பத்தாறு. இருங்க, போனை எடுத்துட்டுப் போய் மேலயே குடுக்கறேன்."

"வேணாம், வேணாம்" என்றார் வாத்தியாரம்மா அவசரமாக. "அவங்களே எறங்கி வரட்டும். நான் காத்திருக்கேன்."

அவர் மனைவியைக் கூப்பிடுவது கேட்டது. வாத்தியாரம்மா போனைக் கிராஃபம்மாவின் காதுக்கும் தன் காதுக்கும் நடுவில் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தூரத்தில், மேலேயிருந்து, செருப்புக் கால்கள் படியிறங்கும் ஓசை வந்தது. வேகமாக இல்லை. ஆனால் எங்கும் நிற்கவும் இல்லை. இருவரும் மூச்சுக் காட்டாமல் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.